புகையிலைச் சுண்டெலி கற்பித்த பாடம்



முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பள்ளியில் உயிரியல் கற்பித்தவன் நான். பணியின் இறுதி ஆண்டுகளில் தலைமையாசிரியனாகவும் இருந்து ஓய்வு பெற்றேன். வகுப்பறையில் நான் கூறிய விடைகளுள் பெரும்பாலானவை எனக்கே மறந்துவிட்டன. தவறாகக் கூறிய ஒரு விடை மட்டும் இன்றுவரை மறக்கவில்லை.

1989ஆம் ஆண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் குரோமோசோம்களைப் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. கரும்பலகையின் நடுவே நெடுக ஒரு கோடு கிழித்தேன். ஒரு பக்கத்தில் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களையும், மறு பக்கத்தில் ஓர் எக்ஸையும் ஓர் ஒய்யையும் வரைந்தேன். "இது பெண், இது ஆண், இவ்வளவுதான்" என்றேன். பின் வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "ஐயா, இந்த இரண்டிலும் அடங்காமல் ஒரு குழந்தை பிறந்தால்?" என்று கேட்டான். "அது இயற்கையின் பிழை. தேர்வுக்கு வராது, உட்கார்" என்றேன். வகுப்பு சிரித்தது. அவனும் உட்கார்ந்துவிட்டான். அவன் வீட்டில் அவ்வாறு பிறந்த ஒரு குழந்தை இருந்தது என்பதையும், அதனைப் பிறர் கண்ணில் படாமல் வளர்த்து வந்தனர் என்பதையும் பல மாதங்கள் கழித்தே அறிந்தேன். அதன் பின்னும் அவனிடம் நான் ஒன்றும் கூறவில்லை, கூறத் தெரியவில்லை.

அன்று கூறியிருக்க வேண்டிய விடையை இன்று உங்களிடம் கூற விழைகிறேன். அதனை எனக்குக் கற்பித்தவை ஆராய்ச்சிக்கூடத்துச் சுண்டெலிகள். அவற்றின் வரலாறே என் பேச்சின் பொருள்.

கருவிலுள்ள உயிர் ஆணாவதும் பெண்ணாவதும் எதனால் என்னும் வினா மிகப் பழையது. தந்தையின் வித்திலுள்ள வெப்பமே அதனை முடிவு செய்கிறது என்று கிரேக்க நாட்டு அரிஸ்டாட்டில் கருதினார். வெப்பம் வென்றால் ஆண், தோற்றால் பெண். நம் நாட்டுச் சுசுருத சங்கிதையோ, தந்தையின் கூறு மிகுந்தால் ஆண், தாயின் கூறு மிகுந்தால் பெண், இரண்டும் சமமாயின் இரண்டிலும் சேராத மகவு என்று உரைத்தது. இவை யாவும் ஊகங்களே. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும்கூட, தாய் உண்ணும் உணவின் அளவே குழந்தையின் பாலை முடிவு செய்கிறது என்று நம்பிய அறிஞர்கள் ஐரோப்பாவில் இருந்தனர்.

ஊகத்தைச் சோதனையாக்கியவருள் முதன்மையானவர் ஒரு பள்ளி ஆசிரியை என்பது எனக்குப் பெருமை தரும் செய்தி. அமெரிக்க நாட்டு நெட்டி ஸ்டீவன்ஸ் 1861ஆம் ஆண்டில் பிறந்தவர். ஆசிரியையாகப் பணியாற்றிச் சேமித்த பொருளைக் கொண்டு, முப்பத்தைந்து வயதளவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மாணவியாகச் சேர்ந்தார். 1905ஆம் ஆண்டில், மாவில் வாழும் ஒரு வகை வண்டின் உயிரணுக்களை நுண்பெருக்கியின் கீழ் வைத்து எண்ணினார். பெண் வண்டின் உயிரணுவில் 20 பெரிய குரோமோசோம்கள் இருந்தன. ஆண் வண்டினதில் 19 பெரியவையும் மிகச் சிறியதாக ஒன்றும் இருந்தன. அந்தச் சிறிய ஒன்றே பின்னர் ஒய் குரோமோசோம் எனப் பெயர் பெற்றது. அதே ஆண்டில் கொலம்பியா பல்கலைக்கழகத்து எட்மண்ட் வில்சனும் ஒத்த முடிவுக்கு வந்தார். ஸ்டீவன்ஸ் அம்மையார் 1912ஆம் ஆண்டில் காலமானார்.

வழி தெளிவாகிவிட்டது என்று நினைப்பீர்கள். அங்குதான் ஒரு தடுமாற்றம் நேர்ந்தது. பழ ஈக்களை ஆராய்ந்த கால்வின் பிரிட்ஜஸ் என்பார், ஒய் இல்லாமல் ஓர் எக்ஸ் மட்டும் உள்ள ஈ ஆணாகவே இருப்பதையும், இரண்டு எக்ஸும் ஓர் ஒய்யும் உள்ள ஈ பெண்ணாகவே இருப்பதையும் கண்டார். ஈயின் பாலை முடிவு செய்வது எக்ஸின் எண்ணிக்கையே. ஒய்க்கு அதில் பங்கில்லை. ஈயைப் பொறுத்தவரை இது உண்மை. ஆனால், எலிக்கும் மனிதனுக்கும் இதுவே விதி என்று ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பலர் எண்ணியிருந்தனர். ஓர் உயிரில் கண்டதை மற்றோர் உயிரிடம் சோதிக்காமல் ஏற்றினால் வரும் இடர் இது.

இதற்கிடையே, பிரான்சு நாட்டில் ஆல்ஃபிரட் ஜோஸ்ட் வேறு வழியில் இவ்வினாவை அணுகினார். இங்கே ஓர் அடிப்படைச் செய்தியை நீங்கள் மனத்தில் கொள்ள வேண்டும். முயலாயினும் சுண்டெலியாயினும் மனிதராயினும், கருவின் தொடக்க நாட்களில் இனச்சுரப்பி என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றேதான். சிறுநீரகம் உருவாகும் இடத்தை ஒட்டி இரு சிறு மேடுகளாக அது தோன்றுகிறது. அதுவே பின்னர் ஆணில் விந்தகமாகவும் பெண்ணில் சூலகமாகவும் வளர்கிறது. உள்ளுறுப்புகளாக மாறவேண்டிய குழாய்களும் இரு வகையாக, ஒவ்வொரு கருவிலும் அமைந்திருக்கின்றன. இருவருக்குமான கருவிகளை ஏந்திக்கொண்டே ஒவ்வொருவரும் புறப்படுகிறோம்.

ஜோஸ்ட், தாய் முயலின் கருப்பையிலிருந்த குட்டியின் இனச்சுரப்பியை மிக நுண்ணிய அறுவையால் நீக்கிவிட்டு, அதனைக் கருப்பையிலேயே வளரவிட்டார். 1947ஆம் ஆண்டில் வெளியான அவருடைய முடிவுகள் அறிவுலகை வியக்கவைத்தன. உரிய காலத்திற்கு முன் சுரப்பி நீக்கப்பட்ட குட்டிகள், எக்ஸும் ஒய்யும் உடையவையாயினும், பெண் உடலமைப்போடு வளர்ந்தன. விந்தகம் சுரக்கும் பொருள்களே உடலை ஆண் வழியில் செலுத்துகின்றன என்பது இதனால் விளங்கிற்று. எனவே, பொதுவான அந்தச் சிறு மேட்டை விந்தகமாக மாற்றுவது எது என்பதே எஞ்சிய வினா.

1959ஆம் ஆண்டில் விடையின் முதற்பகுதி கிடைத்தது. அமெரிக்காவில் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்தில் வில்லியம் வெல்ஷன்ஸ், லியான் ரஸ்ஸல் என்னும் இருவரும், ஓர் எக்ஸ் மட்டும் உள்ள சுண்டெலிகளைக் கண்டனர். அவை ஈயைப் போல் ஆணாக இல்லை. குட்டி ஈனும் பெண்ணாக இருந்தன. ரஸ்ஸல் அம்மையார் வியன்னாவில் பிறந்து, 1938இல் நாஜிகள் அந்நாட்டைக் கைப்பற்றியபோது தப்பிச் சென்ற குடும்பத்தைச் சேர்ந்தவர். அதே ஆண்டில் பிரிட்டிஷ் அறிஞர்கள், இரண்டு எக்ஸும் ஓர் ஒய்யும் உள்ள மனிதர் ஆண் என்பதையும், ஓர் எக்ஸ் மட்டும் உள்ளவர் பெண் என்பதையும் கண்டறிந்தனர். பாலூட்டிகளில் ஒய்தான் விந்தகத்தைத் தோற்றுவிக்கிறது என்பது உறுதியாயிற்று.

ஒய் முழுவதுமா, அதன் ஒரு பகுதி மட்டுமா? இதற்கு மற்றொரு சுண்டெலி குறிப்புக் கொடுத்தது. 1971ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் புரூஸ் காட்டனாக் என்பாரும் அவருடைய துணைவர்களும், இரண்டு எக்ஸ் உடையவையாக இருந்தும் ஆணாக வளர்ந்த சுண்டெலிகளைப் பற்றி எழுதினர். அவற்றின் விந்தகங்கள் சிறியவை. அவை மலடாகவும் இருந்தன. ஒய்யே இல்லாத உடலில் விந்தகம் எங்ஙனம் வந்தது? 1982ஆம் ஆண்டில் இப்புதிர் அவிழ்ந்தது. அவிழ்த்தவருள் ஒருவர் நம் நாட்டவரான லால்ஜி சிங். எடின்பரோவில் கென்னத் ஜோன்ஸ் என்பாருடன் பணிபுரிந்த அவர், கட்டுவிரியன் பாம்பின் மரபுப்பொருளிலிருந்து எடுத்த ஒரு துணுக்கை அடையாளக் கருவியாகக் கொண்டு, அந்த எலிகளின் எக்ஸ் ஒன்றின் நுனியில் ஒய்யின் சிறு துண்டு ஒட்டிக்கொண்டிருப்பதைக் காட்டினார். பிற்காலத்தில் ஐதராபாத்தின் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தின் இயக்குநராக விளங்கியவர் இவரே. ஆக, ஒய் முழுவதும் வேண்டியதில்லை; ஒரு சிறு துண்டே விந்தகத்தை எழுப்பப் போதும்.

இனி, இப்பேச்சின் நாயகனாகிய புகையிலைச் சுண்டெலிக்கு வருகிறேன். அதன் கதையில் இரண்டு குடும்பங்கள் சந்திக்கின்றன.

முதற்குடும்பம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கிரான்பி என்னும் சிற்றூரைச் சார்ந்தது. அபி லாத்ரோப் என்னும் அம்மையார், ஆசிரியைப் பணியை விட்டபின் அங்கே செல்லப்பிராணிகளாக விற்பதற்குச் சுண்டெலிகளை வளர்த்தார். ஆய்வாளர்களும் அவரிடமே எலிகளை வாங்கத் தொடங்கினர். அவருடைய எலிகளின் வழிவந்த 57ஆம் எண்ணுள்ள பெண் எலியிலிருந்து, கிளாரன்ஸ் லிட்டில் என்னும் அறிஞர் 1921ஆம் ஆண்டில் ஒரு கறுப்பு எலிக் குடும்பத்தைத் தோற்றுவித்தார். உடன்பிறந்தவற்றையே தலைமுறை தலைமுறையாக இணைத்ததால், அக்குடும்பத்து எலிகள் அனைத்தும் மரபில் ஏறத்தாழ ஒன்றுபோலவே ஆயின. அவர் 1929ஆம் ஆண்டில் மேய்ன் மாநிலத்துப் பார் ஹார்பரில் ஜாக்சன் ஆய்வுக்கூடத்தை நிறுவினார். 1947ஆம் ஆண்டில் பெருந்தீ அதனை அழித்தது. முன்னர் அங்கிருந்து எலிகளைப் பெற்றிருந்த பிற ஆய்வுக்கூடங்கள் அவற்றின் சந்ததிகளைத் திருப்பி அனுப்ப, ஆய்வுக்கூடம் மீண்டும் எழுந்தது.

இரண்டாம் குடும்பம் சுவிட்சர்லாந்தின் தென்கிழக்கில், இத்தாலிய எல்லையை அடுத்த போஸ்கியாவோ பள்ளத்தாக்கைச் சார்ந்தது. அங்கிருந்த புகையிலைத் தொழிற்கூடத்தில் கருநிற எலிகள் வாழ்ந்தன. 1869ஆம் ஆண்டில் ஃபாஸியோ என்னும் சுவிஸ் விலங்கியல் அறிஞர் அவற்றைத் தனி இனமாகக் கருதி வருணித்தார். அதனால் அவற்றுக்குப் 'புகையிலைச் சுண்டெலி' என்னும் பெயர் நிலைத்தது. பின்னர் ஆராய்ந்தபோது, சாதாரணச் சுண்டெலிக்கு 40 குரோமோசோம்கள் இருக்க, இவற்றுக்கு 26 மட்டுமே இருந்தன. பல குரோமோசோம்கள் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டமையே அதற்குக் காரணம்.

இவ்விரு குடும்பங்களையும் ஜாக்சன் ஆய்வுக்கூடத்தில் ஈவா ஐக்கர் அம்மையார் இணைத்தார். புகையிலைச் சுண்டெலியின் ஒய்யை உடைய ஆண் எலிகளைக் கறுப்புக் குடும்பத்துப் பெண் எலிகளோடு இணைத்தார். பிறந்த ஆண் குட்டிகளை மீண்டும் கறுப்புப் பெண் எலிகளோடே இணைத்தார். ஒய் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்வது. ஆகவே, சில தலைமுறைகளுக்குப் பின், ஒய் மட்டும் சுவிஸ் பள்ளத்தாக்கினதாகவும், ஏனைய மரபு பெரும்பாலும் கறுப்புச் சுண்டெலியினதாகவும் அமைந்தது.

விளைவு என்ன? 1982ஆம் ஆண்டில் ஐக்கரும் துணைவர்களும் அதனை வெளியிட்டனர். எக்ஸும் ஒய்யும் உடைய அந்தக் குட்டிகளுள் சிலவற்றில் இருபுறமும் சூலகமே வளர்ந்தது. வெளித்தோற்றத்தில் அவை முழுப் பெண்கள். வேறு சிலவற்றில் ஒரே சுரப்பியினுள் விந்தகத் திசுவும் சூலகத் திசுவும் சேர்ந்திருந்தன. அதனைக் கலப்புச் சுரப்பி என்று கூறுவோம்.

இங்கே சற்று நின்று சிந்தியுங்கள். குற்றம் யாருடையது? ஒய்யினுடையது என்போமா? அதே ஒய், தன் பள்ளத்தாக்கில் தலைமுறை தலைமுறையாக நல்ல ஆண் எலிகளைத் தந்தது. கறுப்புக் குடும்பத்தினுடையது என்போமா? அக்குடும்பம் தன் சொந்த ஒய்யோடு எவ்விதக் குறையுமின்றி வாழ்ந்தது. இரண்டும் தனித்தனியே செம்மையானவை. சேர்ந்தபோது மட்டும் விளைவு வேறாயிற்று. 'இயற்கையின் பிழை' என்று கூறிய நான், இதனைப் படித்தபோது, அப்பிழையை எந்த இடத்தில் சுட்டிக்காட்டுவது என்று அறியாமல் திகைத்தேன்.

இது காலப் பொருத்தத்தைப் பற்றிய சிக்கலாக இருக்கலாம் என்று ஐக்கரும் பிறரும் ஊகித்தனர். அதனைச் சோதிக்க, ஒய்யிலுள்ள அந்த ஜீன் முதலில் கைக்கு அகப்பட வேண்டியிருந்தது. 1987ஆம் ஆண்டில் ஒரு ஜீனைச் சுட்டி, இதுவே அது என்றனர். அது அன்று என்பது இரண்டே ஆண்டுகளில் தெரிந்தது. 1990ஆம் ஆண்டில் லண்டனில் பீட்டர் குட்ஃபெல்லோ, ராபின் லவல்-பேட்ஜ் ஆகியோரின் குழுக்கள் உண்மையான ஜீனைக் கண்டுபிடித்தன. அதற்கு எஸ்ஆர்ஒய் என்று பெயர். மறு ஆண்டில், இரண்டு எக்ஸ் உடைய சுண்டெலிக் கருவில் அந்த ஜீனைச் செலுத்தினர். அக்கரு விந்தகங்களோடு ஆணாக வளர்ந்தது. நான் அந்த மாணவனை உட்காரச் சொன்னதற்கும் இந்தச் சோதனைக்கும் இடையே இரண்டே ஆண்டுகள்!

ஜீன் கிடைத்தபின் அதன் வேலை நேரத்தைக் கணிக்க முடிந்தது. சுண்டெலியின் கருக்காலம் ஏறத்தாழ இருபது நாட்கள். எஸ்ஆர்ஒய் பத்தரை நாளளவில் விழித்தெழுந்து, இரண்டு நாட்களுக்குள் மீண்டும் அடங்கிவிடுகிறது. அதற்குள் அது சாக்ஸ்-9 என்னும் மற்றொரு ஜீனை எழுப்பிவிட வேண்டும். விந்தகத்தைக் கட்டும் பணியைச் சாக்ஸ்-9 தொடர்ந்து நடத்தும். 2009ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர்கள், எஸ்ஆர்ஒய் தொழிற்பட்டுப் பயன் தரும் காலம் பதினோராம் நாளையொட்டிய ஏறத்தாழ ஆறு மணி நேரமே என்று காட்டினர். அதற்குப் பிந்தினால் விந்தகம் செவ்வனே அமைவதில்லை. சூலகத்தைக் கட்டும் ஜீன்கள் முந்திக்கொள்கின்றன.

இப்போது புகையிலைச் சுண்டெலியின் புதிர் விளங்குகிறதன்றோ? கறுப்புச் சுண்டெலியின் உடலில் அயல் ஒய்கள் வேலை செய்யும் நேரத்தை 2005ஆம் ஆண்டில் அளந்து பார்த்தனர். எஸ்ஆர்ஒய் தன் வேலையைத் தாமதமாகவே தொடங்கிற்று. சாக்ஸ்-9உம் தாமதமாகவே எழுந்தது. கலப்புச் சுரப்பியின் அமைப்பும் இதற்குச் சான்று பகர்கிறது. அதில் விந்தகத் திசு நடுவிலும், சூலகத் திசு இரு முனைகளிலும் இருப்பதே வழக்கம். ஏனெனில், எஸ்ஆர்ஒய் முதலில் சுரப்பியின் நடுப்பகுதியில் எழுந்து, பின்னரே முனைகளை நோக்கிப் பரவுகிறது. நடுப்பகுதி உரிய காலத்தில் செய்தியைப் பெற்றது. முனைகளுக்குச் செய்தி சென்று சேர்வதற்குள் காலம் கடந்துவிட்டது. அச்சுரப்பியைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பவர், சில மணி நேரத்தில் நடந்து முடிந்த ஒரு போட்டியின் தடத்தைக் காண்கிறார்.

2018ஆம் ஆண்டில், சாக்ஸ்-9க்கு வெகு தொலைவில் கிடக்கும் 557 எழுத்துகள் மட்டுமே கொண்ட ஒரு சிறு மரபுத் துணுக்கை லண்டன் ஆய்வாளர்கள் நீக்கினர். எக்ஸும் ஒய்யும் உடைய எலிகளில் சூலகம் வளர்ந்தது. அதற்கு முன்பே, வளர்ந்த பெண் எலியின் சூலகத்தில் ஒரு ஜீனை அணைத்ததும் அதன் உயிரணுக்கள் விந்தக உயிரணுக்களைப் போல் மாறுவதை 2009இலும், ஆண் எலியில் மற்றொரு ஜீனை நீக்கினால் அதற்கு எதிரான மாற்றம் நேர்வதை 2011இலும் கண்டிருந்தனர். நான் கரும்பலகையில் கிழித்த கோடு கருவில் ஒரு முறை கிழிக்கப்பட்டு நின்றுவிடுவதன்று. பல ஜீன்கள் வாழ்நாள் முழுவதும் உழைத்து அதனைக் காத்து வருகின்றன.

எலியில் கண்டது அனைத்தும் மனிதருக்கு அப்படியே பொருந்தும் என்று நான் கூறமாட்டேன். பழ ஈயால் நேர்ந்த தடுமாற்றத்தை மறந்துவிடலாகாது. மனிதரில் ஊடுபால் நிலைக்குக் காரணங்கள் பல. ஒவ்வொருவர் உடலும் ஒவ்வொரு வகை. ஆயினும், தொடக்கம் அனைவர்க்கும் பொது என்பதும், அதிலிருந்து பிரியும் பாதையில் படிகள் பல என்பதும், ஏதேனும் ஒரு படியில் நேரும் சிறு வேறுபாடும் உடலமைப்பை மாற்றக்கூடும் என்பதும் மனிதருக்கும் பொருந்தும் உண்மைகள். இதில் தாயின் குற்றமும் இல்லை, தந்தையின் குற்றமும் இல்லை. பிறந்த குழந்தையின் குற்றம் என்று கூறுவதற்கோ இடமே இல்லை.

இவ்வறிவு நம் மாநிலத்தில் ஆய்வுக்கூடத்தைத் தாண்டிச் சட்டத்தையும் எட்டியிருக்கிறது. 2019ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, ஊடுபால் குழந்தைகளை ஆண் அல்லது பெண் என்னும் வடிவில் பொருத்துவதற்காக மட்டும் செய்யப்படும் அறுவை சிகிச்சைகளைத் தடுக்குமாறு பணித்தது. தமிழ்நாடு அரசும் அவ்வாண்டிலேயே, உயிருக்கு ஆபத்தான நிலையிலன்றி அத்தகைய அறுவை கூடாது என்று ஆணை பிறப்பித்தது. குழந்தை வளர்ந்து, தன் உடலைப் பற்றித் தானே முடிவு செய்யட்டும் என்பதே இதன் கருத்து.

நம் இலக்கண ஆசிரியரும் இவர்களை மறந்தாரல்லர். பேடியைக் குறிக்கும் சொற்களுக்குத் தனி வினைமுடிவு இல்லை என்று கண்ட தொல்காப்பியர், அவற்றை அஃறிணையில் தள்ளவில்லை; உயர்திணை முடிவுகளையே கொள்ளும் என்று விதித்தார். அக்காலத்தில் குரோமோசோமை அறிந்தார் எவரும் இலர். மனிதரை மனிதராக எண்ண அது தேவைப்படவும் இல்லை.

உங்களுள் சிலர் நாளை ஆசிரியராவீர்கள், சிலர் மருத்துவராவீர்கள். பாடப்புத்தகத்தில் அடங்காத வினாவோடு ஒருவன் உங்கள் முன் எழுந்து நிற்பான். விடை தெரியாவிடில், தெரியாது என்று கூறுங்கள்; தேடிப் பார்ப்போம் என்று கூறுங்கள். அவனை உட்காரச் சொல்லிவிடாதீர்கள். நான் செய்த தவறு அது. ஐக்கர் அம்மையார் தம் கூண்டிலிருந்த பொருந்தாத எலிகளைப் பிழை என்று ஒதுக்கியிருந்தால், நான் இன்று கூறியவற்றுள் ஒரு பாதி தெரியவந்திருக்காது.

அந்த மாணவனுக்கு இப்போது ஐம்பது வயதைக் கடந்திருக்கும். அவன் இதனைக் கேட்டுக்கொண்டிருந்தால், அவன் வினாவுக்கு என் விடை இதுதான்: தம்பி, அந்தக் குழந்தையிடம் பிழை ஏதும் இல்லை, பிழை என் கரும்பலகையில் இருந்தது.